கொழும்பில் மொட்டைக்கழுத்து, சுருட்டை, கருங்கோழி: தேடுவது, இனம் காப்பது, ஷோவுக்கு ஆயத்தம் செய்வது

#1 கொச்சிக்கடைக் கூடு (சனி இரவு 9.40)

"ஊர்க்கோழி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மொட்டைக்கழுத்து, சுருட்டை இறகு, குடுமி, கட்டைக்கால், கருங்கோழி, நெடுங்கால் போர்ச்சாதி என்று ஒவ்வொன்றும் தனி வம்சம். முட்டைக்கென்று வரும் பழுப்புக் கலப்பினப் பேடுகளை வீட்டுக்கு வீடு திறந்து விடுகிறார்கள், ஊர்ச் சேவல் அவற்றோடு சேர்கிறது, நாலைந்து தலைமுறைக்குள் எல்லாம் ஒரே தவிட்டு நிறமாகிவிடுகிறது. இழந்த பிறகு தேடினால் கிடைக்காது.

இந்த இழையில் நான்கு விடயம் பேசுவோம். வாங்கும்போது எதைப் பார்ப்பது? மாடியிலோ சின்ன முற்றத்திலோ வைத்துக்கொண்டு இனத்தை எப்படிக் காப்பது? கொழும்பின் ஈரக் காற்றில் முட்டை பொரிப்பது எப்படி? ஷோவுக்கு (கோழிக் கண்காட்சிக்கு) எப்படி ஆயத்தம் செய்வது? எழுதுபவர்கள் அளவு, நாள், எடை சொல்லி எழுதுங்கள். "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் யாருக்கும் உதவாது.

#2 தெமட்டகொடை நானா (சனி இரவு 10.15)

முதல்ல வாங்குறது. கொழும்புக் கடைகள்ல கூண்டுக்குள்ள இருக்குற கோழிய விட, மன்னார், வவுனியா, புத்தளம், மட்டக்களப்புப் பக்கம் வீட்டு முற்றத்துல மேயுற கோழி நம்பகம். முற்றத்துக் கோழிக்குத் தாயும் கூடப்பிறந்ததும் பக்கத்துலயே நிக்கும், பார்த்துட்டு வாங்கலாம். கூண்டுக் கோழிக்கு வம்சமும் தெரியாது, பத்து வீட்டு நோயும் ஒரே கூண்டுல.

கையில எடுத்தா இந்த ஒழுங்குல பாருங்க. மூச்சு: நெஞ்சைக் காதுகிட்ட வெச்சுக் கேளுங்க, கரகரப்பு இருந்தா வாணாம். நெஞ்செலும்பு: விரலால தடவினா நேரா போகணும். பின்பக்கம்: இறகு எச்சத்துல ஒட்டியிருந்தா வயிறு சரியில்ல. அந்த இறகடியில வெள்ளையா கட்டி கட்டியா தெரிஞ்சா அது பேன் முட்டை. கால்: செதில் தூக்கிக்கிட்டு சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தா கால்செள்ளு. அது மாறும், ஆனா விலையக் குறைச்சுக் கேளுங்க. சொண்டு மேலும் கீழும் நேரா பொருந்தணும். கோணச் சொண்டு, ஒரு பக்கம் சாய்ஞ்ச வால், கூன் முதுகு இந்த மூணும் இருக்குற கோழி எவ்வளவு அபூர்வ நிறமா இருந்தாலும் இனத்துக்கு எடுக்க வாணாம்.

தூரத்துல இருந்து கொண்டு வாறதா இருந்தா ராத்திரிப் பயணம். பெட்டிக்கு நாலு பக்கமும் மேல்பாதியில துவாரம், அடியில உமி, ரெண்டு கோழிக்கு மேல வாணாம். ரெண்டு சாவல ஒரே பெட்டியில போடவே வாணாம். தண்ணிப் பாத்திரம் கவிழும், அதனால வெள்ளரிக்காய் துண்டு போடுங்க. பஸ்ஸுல சாமான் அறைக்குள்ள வெச்சா சூட்டுல போயிடும். வந்ததும் 30 நாள் தனிக்கூடு, தனிப் பாத்திரம். வீட்டுக் கோழிக்குத் தீன் போட்டு முடிச்சுத்தான் புதுசுகிட்டப் போகணும்.

இன்னொண்டு. "காட்டுக்கோழிக் கலப்பு" எண்டு சொல்லி யாராவது விக்க வந்தா விலகிடுங்க. நம்ம காட்டுக்கோழி தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்புல இருக்கு. சிவப்புக் கொண்டைக்கு நடுவுல மஞ்சள் திட்டு இருந்தா அது காட்டுச் சாவல்தான்.

#3 முட்டைக்கணக்கு (ஞாயிறு காலை 6.50)

நானா சொன்னது உடம்பு. நான் பரம்பரை சொல்கிறேன்.

மொட்டைக்கழுத்து: இந்தப் பரம்பரையலகு (ஜீன்; தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி வரும்) முழு ஆட்சியுடையது அல்ல, அதாவது ஒரு பிரதிக்கும் இரண்டு பிரதிக்கும் தோற்றம் வேறுபடும். ஒரு பிரதி இருந்தால் கழுத்தின் முன்பக்கம், அடியில் ஒரு சிறு இறகுக் கொத்து நிற்கும். இரண்டு பிரதி இருந்தால் கழுத்து கிட்டத்தட்ட முழுதாக வெறுமை. குஞ்சு பொரித்த அன்றே கழுத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். கொத்துள்ள சேவலைச் சாதாரண பேட்டோடு விட்டால் பாதிக் குஞ்சு மொட்டைக்கழுத்து, பாதி சாதாரணம். உடம்பிலும் இறகு குறைவாக இருப்பதால் வெப்பம் இலகுவில் வெளியேறும். கொழும்புச் சூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கோழி குறைவு.

கட்டைக்கால்: இரண்டு கட்டைக்காலை ஒருபோதும் இணைக்காதீர்கள். இரண்டு பிரதி பெற்ற கரு முட்டைக்குள்ளேயே முதல் வாரத்தில் செத்துவிடும். நாலில் ஒன்று போச்சு. கட்டைக்காலும் நெட்டைக்காலுமாக இணைத்தால் பாதிக் குஞ்சு கட்டை, கரு எதுவும் வீணாகாது.

கருங்கோழிதான் அதிகம் ஏமாற்றப்படும் இடம். கறுப்புத் தோலுக்கு இரண்டு விடயம் சேர வேண்டும். கறுப்பைப் பரப்பும் பரம்பரையலகு இருக்க வேண்டும், அது ஆட்சியுடையது. கறுப்பைத் தோலில் தடுக்கும் மற்றொன்று இருக்கக் கூடாது. இந்தத் தடுப்பான் பால் நிறமூர்த்தத்தில் (குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தில்) இருக்கிறது. கருஞ்சேவலை மஞ்சள் அல்லது வெள்ளைக் காலுள்ள பேட்டோடு விட்டால், பெண் குஞ்சுகள் தந்தையிடமிருந்து மட்டும் அந்த நிறமூர்த்தத்தைப் பெறுவதால் கறுக்கும். ஆண் குஞ்சுகளுக்குத் தாயிடமிருந்து தடுப்பான் வந்துவிடும், வெளிறிப் போகும். ஆகவே ஒருவர் கறுத்த பேடுகளை மட்டும் வரிசையாகக் காட்டி, "சேவல் விற்றுப் போச்சு" என்றால் அது முதல் தலைமுறைக் கலப்பாக இருக்க இடமுண்டு. வாயைத் திறந்து நாக்கு, அண்ணம் பாருங்கள். இறகை விலக்கித் தொடைத் தோல் பாருங்கள். கூடப்பிறந்த சேவலைக் காட்டச் சொல்லுங்கள்.

விரலையும் எண்ணுங்கள். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் கருங்கோழிக்கு (2018இல் புவிசார் குறியீடு பெற்றது) நான்கு விரல். ஐந்து இருந்தால் அங்கே சில்க்கி (பட்டுபோன்ற இறகும் கறுப்புத் தோலும் ஐந்து விரலும் உள்ள வேறு இனம்) இரத்தம் கலந்திருக்கிறது. சில்க்கி என்று விற்றால் பரவாயில்லை, கடக்நாத் என்று விற்றால் பொய்.

#4 வத்தளைத் தோட்டம் (ஞாயிறு காலை 8.05)

இரண்டு கேள்வி, கொஞ்சம் மறுப்பும் உண்டு.

சுருட்டை இறகை இன்னும் இறுக்கமாகக் கொண்டுவர சுருட்டையைச் சுருட்டையோடுதானே விட வேண்டும்? ஷோவில் இறுக்கமான சுருள்தானே கண்ணில் படும்?

அடுத்தது, பத்துச் சேவல் வைத்துத் தீன் போடுவதை விட, எல்லாரும் சேர்ந்து குறையே இல்லாத ஒரு சேவலைத் தேடி எடுத்து, அதை எல்லாக் கூட்டுக்கும் விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் எல்லாக் குஞ்சும் ஒரே தரத்துக்கு வரும். இனத்தைச் சீராக்குவது என்றால் அதுதானே?

#5 முட்டைக்கணக்கு (ஞாயிறு காலை 9.30)

தம்பி, முதலாவதற்கு நேரடியாக: இல்லை. சுருட்டையோடு சுருட்டை சேர்ந்தால் நாலில் ஒன்றுக்கு இரண்டு பிரதி வரும். அதன் இறகு கம்பிபோல் சுருண்டு, நடுத்தண்டில் உடைந்து உதிரும். முதுகும் இறக்கையும் வெறுமையாகும், மழையில் உடம்புச் சூடு நிற்காது. ஷோ மேசைக்கு அது வரவே முடியாது. சுருட்டையை நேர் இறகோடு விடுங்கள். பாதி சுருட்டை, பாதி நேர். இறகின் அகலமும் தண்டின் வலிமையும்தான் சுருளுக்கு அழகு கொடுக்கும், அதனால் நேர் இறகுத் துணையை அகலமான இறகு பார்த்துத் தெரியுங்கள். அந்த நேர் இறகுக் குஞ்சுகளையும் கழிக்காதீர்கள், அடுத்த வருடம் அவைதான் தேவைப்படும்.

இரண்டாவது ஆபத்தான யோசனை. கணக்கைப் பாருங்கள். பயன்தரு எண்ணிக்கை (இனப்பெருக்கத்தில் கூடு உண்மையில் எத்தனை கோழிக்குச் சமம் என்பது) = 4 × சேவல் × பேடு ÷ (சேவல் + பேடு).

1 சேவல், 23 பேடு: 92 ÷ 24 = 3.8. தலைமுறைக்கு உள்ளினப்பெருக்கம் (நெருங்கிய உறவுக்குள் இணைவது) ஏறுவது 1 ÷ (2 × 3.8), அதாவது 13 சதவீதம்.

6 சேவல், 18 பேடு: 432 ÷ 24 = 18. ஏறுவது 2.8 சதவீதம்.

இரண்டிலும் கோழி 24தான், தீன் செலவும் ஒன்றுதான். ஒரே சேவலின் பிள்ளைகளால் கூடு நிரம்பினால் மூன்றாம் தலைமுறையிலேயே முட்டை கூமுட்டையாகும், பொரிப்பு விழும், குஞ்சு நலிந்து நிற்கும். அந்தச் சேவலில் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு குறையும் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். வெளியிலிருந்து புது இரத்தம் எடுக்கலாம் என்றால், அபூர்வ இனத்துக்கு வெளி என்று ஒன்று எங்கே இருக்கிறது?

இன்னும் குறைக்க வழியுண்டு. "மிக நல்ல பத்து" என்று தெரிவு செய்யாமல், ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு மகன், ஒவ்வொரு பேட்டுக்கும் ஒரு மகள் என்று எடுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் எது நல்லதோ அதுவே வாரிசு. அதே 6, 18இல் ஏற்றம் 1.7 சதவீதத்துக்கு இறங்கும். இதற்குச் சல்லிக்காசு செலவில்லை. குறிப்புப் புத்தகம் மட்டும் வேண்டும்.

#6 வெள்ளவத்தை மாடி (ஞாயிறு பகல் 1.20)

அக்காவின்ர கணக்குச் சரி. ஆனா 6 சாவல ஒரு மாடியில வைச்சா அயலட்டை சும்மா விடாது. அதால மூண்டு வீடு சேர்ந்து வளையமா நடத்துறதுதான் கொழும்புக்குச் சரிவரும். வீட்டுக்கு 2 சாவல், 6 பேடு. ஒரு சாவலுக்கு 3 பேடு எண்டு நடுவில வலை அடிச்சுப் பிரியுங்கோ, அப்பத்தான் தகப்பன் யாரெண்டு எழுதலாம். ஒவ்வொரு வருசமும் இளஞ்சாவல் மட்டும் நகரும்: முதலாம் வீட்டு மகன் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டு மகன் மூண்டாம் வீட்டுக்கு, மூண்டாம் வீட்டு மகன் முதலாம் வீட்டுக்கு. விடலைப் பேடுகள் பிறந்த வீட்டிலயே நிக்கும். திசையை எந்த வருசமும் மாத்தக் கூடாது.

சாவல் மாத்தின உடன முட்டை எடுத்து அடை வைக்காதேங்கோ. பேட்டின்ர உடம்பில பழைய சாவலின்ர விந்து இரண்டு கிழமை, சிலவேளை மூண்டு கிழமை வரைக்கும் உயிரோட இருக்கும். 21 நாள் பொறுத்து எடுத்த முட்டைக்குத்தான் தகப்பன் பேர் எழுதலாம்.

சத்தத்துக்கு இருட்டுப் பெட்டி வைக்கிற பழக்கம் இருக்கு. கழுத்தை முழுக்க நிமிர்த்தினாத்தான் சாவல் உரத்துக் கூவும் எண்டபடியால் கூரையைப் பதிச்சு வைக்கிறது. குளிர் நாட்டுக்கு அது சரி. இங்க காத்தோட்டம் இல்லாமல் பூட்டினா விடிய முன்னம் வெக்கையில செத்துக் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒளி புகாத வளைஞ்ச காத்துவழி, மேல ஒரு சின்ன 12 வோல்ற் காத்தாடி போட முடியாட்டி அந்தப் பெட்டி வேண்டாம். கழுத்துப் பட்டி கட்டுறதை நான் ஏத்துக்கொள்ள மாட்டன். ஒரு துண்டு தீன் அடைச்சாலே மூச்சு நிண்டு போம்.

கூட்டுக்கு அரை அங்குல இரும்பு வலை. கோழி வலை எண்டு விக்கிற அறுகோண வலை கோழி வெளிய போகாமல் வைக்கும், மரநாய் உள்ள வராமல் வைக்காது. கொழும்பு ஓட்டுக்கூரையள் முழுக்க மரநாய்தான். பெருச்சாளியும் குஞ்சைத் தூக்கும். கூரை முன்னுக்கு 75 சென்ரிமீற்றராவது நீட்டி இருக்கோணும், இல்லாட்டித் தென்மேல் பருவக்காத்துக்கு உமி முழுக்க நனையும்.

தண்ணிப் பாத்திரத்தை ஒவ்வொரு நாளும் கவிழ்த்துக் கழுவுங்கோ. டெங்குப் பரிசோதனைக்கு வாறவைக்காக மட்டும் இல்லை, கோழி அம்மையையும் நுளம்புதான் காவுது.

#7 கொச்சிக்கடைக் கூடு (ஞாயிறு மாலை 5.10)

வளையத்துக்கு நான் தயார். ஆனால் முட்டை பொரிப்பு அங்கேதான் சிக்குகிறது. இன்கியுபேற்றர் (முட்டை பொரிக்கும் பெட்டி) கையேடு எல்லாம் "தண்ணீர்த் தட்டை நிரப்பி வை" என்கிறது. அப்படிச் செய்தால் 21ஆம் நாள் குஞ்சு பருத்து, ஓட்டைக் கொத்தாமல் உள்ளேயே சாகிறது. என்ன பிழை?

#8 முட்டைக்கணக்கு (ஞாயிறு இரவு 8.45)

கையேட்டை எழுதியவர் வறண்ட காற்றுள்ள ஊரில் இருந்து எழுதியிருக்கிறார். அதுதான் பிழை.

கொழும்பில் 28 பாகை செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை அப்படியே எடுத்து 37.6 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் ஏறத்தாழ 46 சதவீதமாகிறது. முதல் 18 நாளுக்கு வேண்டியதே 45 முதல் 50 தான். ஆகவே தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். தட்டை நிரப்பினால் 60க்கு மேல் போகும். முட்டையிலிருந்து ஈரம் ஆவியாகாது, ஓட்டுக்குள் இருக்கும் காற்றறை வளராது, குஞ்சு மூச்செடுக்க இடமின்றி மூழ்கிவிடும்.

குளிரூட்டிய அறையில் பெட்டியை வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. 24 பாகை, 55 சதவீதக் காற்றைச் சூடாக்கினால் 25 சதவீதம்தான் நிற்கும். அங்கே தண்ணீர் வேண்டும். ஒரே ஊரில் இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லி இரண்டு பேரும் சரியாக இருப்பது இதனால்தான். அடுத்தவர் சொன்ன அளவை எடுக்காமல் முட்டையை நிறுங்கள். 18ஆம் நாளில் 12 சதவீத எடை குறைந்திருக்க வேண்டும். 40 கிராம் முட்டை 7ஆம் நாளில் ஏறத்தாழ 38.1, 18ஆம் நாளில் 35.2 கிராம். பத்து முட்டையைச் சேர்த்து நிறுத்தால் சமையல் தராசே போதும். 7ஆம் நாளில் குறைவு போதாவிட்டால் காற்றுத் துவாரத்தைக் கூட்டுங்கள், அதிகமாகக் குறைந்திருந்தால் ஒரு சின்ன மூடியில் தண்ணீர் வையுங்கள்.

மானிகளை நம்பமுன் சோதியுங்கள். ஈரமானியை, நனைந்த மணல்போல் குழைத்த உப்பு வைத்த மூடியோடு இறுக்கிய பொலித்தீன் பைக்குள் 12 மணித்தியாலம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் 6ஐக் கழித்தே வாசியுங்கள். வெப்பமானியைக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் மானியோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒப்பிடுங்கள். அரைப் பாகை கூடினால் 20ஆம் நாளே தொப்புள் மூடாத குஞ்சு வரும். அரைப் பாகை குறைந்தால் 22, 23 என்று இழுபடும். இந்த 37.6 காற்றாடி உள்ள பெட்டிக்கு. காற்றாடி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3க்கு மேல் வேண்டும்.

18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, இப்போதுதான் தண்ணீர் வைத்து 65 முதல் 70க்கு ஏற்றுங்கள். அதன் பிறகு மூடியைத் திறக்காதீர்கள். முதல் குஞ்சை எடுக்கும் ஆசையில் திறந்தால், ஓட்டைக் கொத்தத் தொடங்கிய மற்றக் குஞ்சுகளின் மேல் சவ்வு காய்ந்து இறுகி ஒட்டிக்கொள்ளும்.

வைக்க முன்னரே கெடுவதும் உண்டு. அடைமுட்டையைச் சேர்க்க 15 முதல் 18 பாகை நல்லது. நமது சமையலறை 29, 30. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்று, 3, 4ஆம் நாளில் இரத்த வளையமாகச் சாகும். அறைச் சூட்டில் என்றால் 4, 5 நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் உறைந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துக் காலை மாலை மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். சாதாரண குளிர்சாதனப் பெட்டி 4 பாகை, அது வேண்டாம். குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்ததும் வியர்க்கும், ஏனெனில் நமது காற்றில் 24 பாகைக்குக் கீழே எதுவும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு கிருமி ஓட்டுத் துவாரத்துக்குள் இறங்கிவிடும். பெட்டியோடு மூடியபடியே 6 முதல் 8 மணித்தியாலம் அறையில் வைத்து, பிறகு திறவுங்கள்.

பொரிக்காததை உடைத்துப் பாருங்கள், அதுதான் பாடம். கரு வளர்ந்த அடையாளமே இல்லையென்றால் சேவல். ரோஜாக் கொண்டைப் பரம்பரையலகின் இரண்டு பிரதியும் உள்ள சேவலுக்குக் கருக்கட்டும் திறன் குறைவு, அதையும் நினைவில் வையுங்கள். இரத்த வளையம் என்றால் சேமிப்பு. 7 முதல் 14க்குள் செத்தால், அதுவும் விரல் சுருண்டிருந்தால், தாய்க்கோழித் தீனில் பி2 உயிர்ச்சத்துக் குறைவு. கடைசி மூன்று நாள் என்றால் ஈரப்பதம், வெப்பம், திருப்பாமை.

#9 வத்தளைத் தோட்டம் (ஞாயிறு இரவு 9.30)

நன்றி அக்கா. ஒரு சேவல் யோசனையை நான் கைவிடுகிறேன், 13 சதவீதம் என்று கண்ணால் பார்த்த பிறகு வேறு பேச்சில்லை.

மின்வெட்டுக்கு என்ன செய்வது? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது.

#10 வெள்ளவத்தை மாடி (ஞாயிறு இரவு 10.05)

முதல் கிழமையெண்டால் இரண்டு மூண்டு மணித்தியாலம் குளிர்ந்தாலும் கரு தாங்கும். மூடியைத் திறக்காமல் தடிச்ச துணியால போர்த்துங்கோ. 15ஆம் நாளுக்குப் பிறகு கருவே சூடு விடும், அப்ப ஆபத்து குளிரில இல்லை, மூச்சடைப்பில. துணி போர்த்தினாலும் காத்துத் துவாரத்தை மூடக் கூடாது. 12 வோல்ற்றில ஓடுற சின்னப் பெட்டியெண்டால் பழைய மோட்டார் சைக்கிள் பற்றறியை நம்பாதேங்கோ. 40 வொற் பெட்டி 5 மணித்தியாலம் ஓட 200 வொற்-மணி வேணும். ஈய பற்றறியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது எண்டபடியால் 12 வோல்ற், 35 அம்பியர்-மணிக்குக் குறையாமல் பாருங்கோ.

என்ர முடிவு வேற ஒண்டு. ஊர்ப்பேடு அடையிருந்தா 10, 12 முட்டையை அவளிட்டயே விடுங்கோ. எல்லாத்தையும் பெட்டியிலயே பொரிச்சா, அடையிருக்கிற குணத்தை ஒருத்தரும் தெரிவு செய்யாமல் நாலைஞ்சு தலைமுறையில அது மங்கிப்போம். அடையிருக்காத ஊர்க்கோழி என்ன ஊர்க்கோழி? வருசத்துக்கு ஒருதரமாவது ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பேட்டைத் தாயாக விட்டுப் பாருங்கோ, குறிப்பில எழுதுங்கோ.

#11 பேராதனை நீலம் (திங்கள் காலை 7.15)

நோய்ப் பகுதியை நான் சேர்க்கிறேன். இறுதி அட்டவணையை உங்கள் பிரதேச அரச மிருக வைத்தியரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பொதுவாகத் தடுப்பூசி வரிசை இது: முதலாம் நாள் மரெக்ஸ் (கால் முடக்கும் வைரசு நோய்), கழுத்துத் தோலின் கீழ். 7ஆம் நாள் ரனிகட் (வெள்ளைக் கழிச்சல்), கண்ணில் ஒரு சொட்டு, 3 வாரத்தில் மீண்டும். இடையில் கம்போரோ (குஞ்சின் நோயெதிர்ப்பைக் குலைக்கும் நோய்). 6 முதல் 8 வாரத்தில் இறக்கைச் சவ்வில் அம்மைத் தடுப்பூசி. குத்தி 7 முதல் 10 நாளில் அந்த இடத்தில் சிறு தடிப்புக் காணப்பட வேண்டும். இல்லையென்றால் ஊசி பிடிக்கவில்லை, திரும்பக் குத்துங்கள்.

வீட்டில் வளர்ப்பவர்கள் மரெக்ஸைத் தவிர்க்கக் காரணம் குப்பி பெரிது என்பதுதான். பெரும்பாலும் 1,000 குஞ்சுக்குரியது, கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மூன்று வீடும் ஒரே நாளில் முட்டை வைத்தால் ஒரே நாளில் பொரியும், ஒரு குப்பியைப் பகிரலாம். வளையத்தின் பெரிய இலாபம் இதுவென்றே நான் நினைக்கிறேன். சில்க்கியும் குடுமிக்கோழியும் வைத்திருப்பவர்கள் மரெக்ஸைத் தவறவே விடாதீர்கள். சில்க்கிக்கு அது எளிதில் தொற்றும்.

தண்ணீரில் கலக்கும் தடுப்புமருந்துக்குக் குழாய்த் தண்ணீரை அப்படியே எடுத்தால் குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். லீற்றருக்கு 2 கிராம் ஆடை நீக்கிய பால்மா கரைத்து, அரை மணித்தியாலம் விட்டு மருந்தைச் சேருங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கும் அளவே கரையுங்கள்.

3 முதல் 6 வாரத்தில் குஞ்சு சிலிர்த்து நின்று, எச்சத்தில் இரத்தம் கண்டால் இரத்தக் கழிச்சல். அம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள் என்றால் லீற்றருக்கு 1.2 கிராம், 5 நாள். அந்த நாட்களில் பி1 உயிர்ச்சத்துக் கொடுக்காதீர்கள், மருந்தின் வேலையை அது முறிக்கும். மூலகாரணம் ஈர உமி. ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாக நின்றால் உடனே மாற்றுங்கள்.

தீனில் ஒரு எச்சரிக்கை மட்டும். லேயர் மாஷில் (முட்டையிடும் பேட்டுக்கான தீனில்) கல்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல். வளரும் குஞ்சுக்கும் சேவலுக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்ப்புத் தீனைப் பொதுவாகப் போட்டு, பேடுகளுக்கு முட்டை ஓட்டுத் தூளைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். மழைக் காலத்தில் தேங்காய்ப் புண்ணாக்கைச் சேர்த்து வைக்காதீர்கள், பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியமுன்னரே நஞ்சு வைத்துவிடும்.

#12 தெமட்டகொடை நானா (திங்கள் இரவு 9.00)

ஷோ பத்தி யாரும் எழுதல்ல, நான் எழுதுறேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்ன இறகு எண்ணுங்க. உடைஞ்ச இறகு அடுத்த இறகுதிர்வு வரைக்கும் அப்பிடியே நிக்கும். முழுசாப் பிடுங்கினா 6 முதல் 8 கிழமையில புதுசு வரும். அதனால கடைசி மாசத்துல பிடுங்குறதுல அர்த்தமில்ல. உடையாத இறக அழகுக்காகப் பிடுங்குறதும் நிறம் பூசுறதும் ஏமாத்து, நடுவர் கண்டா வெளியதான்.

ரெண்டு கிழமைக்கு முன்ன ஷோ கூண்டு மாதிரி 60 சென்ரிமீற்றர் சதுரக் கூண்டுல பழக்குங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கையில எடுக்கணும். நெஞ்சுக்கு அடியில உள்ளங்கை, ரெண்டு காலும் விரலுக்கு இடையில, தலை முன்னால வர வெளிய எடுக்கணும், திருப்பி வைக்கும்போதும் தலை முன்னால. மெல்லிய குச்சியால நெஞ்சைத் தொட்டு நிமிர்ந்து நிக்கப் பழக்குங்க.

குளிப்பு மூணு நாளைக்கு முன்ன. மூணு வாளி: முதலாவது இளஞ்சூட்டுத் தண்ணியில பேபி ஷாம்பு, ரெண்டாவது வெறும் தண்ணி, மூணாவதுல ஒரு மேசைக்கரண்டி வினாகிரி. இறகு போற திசையிலதான் தடவணும். முகத்துக்கு ஈரத் துணி மட்டும். நிழல்ல, காத்தாடிக்கு முன்ன காய வைங்க. கொழும்புல மேல் இறகு காய்ஞ்ச மாதிரித் தெரிஞ்சாலும் அடி இறகு ஈரமா இருக்கும், விரல விட்டுப் பாருங்க. போர்ச்சாதிக்குக் குளிப்பு வாணாம், இறுக்கமான இறகு தளர்ந்துடும், ஈரத் துணியால துடைச்சாப் போதும். சேவல் சண்டை சட்டப்படி குற்றம், அந்தச் சாதிய ஷோவுல நிப்பாட்டி வாழ வைக்கலாம். காலைப் பல்துலக்கியால தேய்ச்சு, செதில் இடுக்கைப் பல்குச்சியால எடுத்து, போற அன்றைக்குக் கொண்டைக்கும் காலுக்கும் ஒரு துளி தேங்காய் எண்ணெய். ரெண்டு துளி பட்டா தூசி ஒட்டும்.

ஷோ முடிஞ்சு வந்த கோழிக்கும் 30 நாள் தனிக்கூடு. பரிசு வாங்கின கோழிக்கு விலக்கு இல்ல.

#13 வத்தளைத் தோட்டம் (திங்கள் இரவு 9.50)

நானா, நடுவர் எதை வைத்து மொட்டைக்கழுத்தை அளப்பார்? அமெரிக்கத் தரநூலில் (ஒவ்வொரு கோழி இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று நடுவர்கள் பார்க்கும் நூலில்) மொட்டைக்கழுத்து இருக்கிறதே, அதை எடுக்கலாமா?

#14 முட்டைக்கணக்கு (செவ்வாய் காலை 6.30)

எடுக்காதீர்கள். அந்தத் தரநூல் முதலில் வந்தது 1874இல், மொட்டைக்கழுத்து அதில் சேர்ந்தது 1965இல். அது ஐரோப்பாவில் உடல் பருக்க வளர்த்த கோழியின் அளவு. நமது கோழியை அந்த எடைக்கு இழுத்தால் மரத்தில் ஏறாது, கீரிக்குத் தப்பாது, அடையில் முட்டையை மிதித்து உடைக்கும். நம்மிடம் இருப்பதை முதலில் அளப்போம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டியின் முறையில் வளர்ந்த கோழி ஒவ்வொன்றுக்கும் உடல் எடை, சொண்டு நுனியிலிருந்து வாலடி வரை உடல் நீளம், நெஞ்சுச் சுற்றளவு, கணைக்கால் நீளம், இறக்கை விரிவு, இவற்றோடு கொண்டை வகை, காது மடல் நிறம், கால் நிறம் எழுதுவோம். மூன்று வீட்டிலும் ஒரே நூல்நாடா, ஒரே ஆள், காலையில் தீனுக்கு முன். அந்த எண்களிலிருந்து நமக்கொரு விவரணை வரட்டும். கழுத்துக் கொத்து ஒரு பிரதியின் அடையாளம், அதைக் குறையாக எழுதிவிடாதீர்கள்.

#15 கொச்சிக்கடைக் கூடு (செவ்வாய் இரவு 8.20)

அப்படியென்றால் முடிவு இதுதான். மொட்டைக்கழுத்தில் தொடங்குவோம். முதலாம் வீடு கொச்சிக்கடை, இரண்டாம் வீடு தெமட்டகொடை, மூன்றாம் வீடு வெள்ளவத்தை. வத்தளையில் இட வசதி இருப்பதால் வீட்டுக்கு ஒரு மாற்றுச் சேவல் அங்கே நிற்கட்டும். இப்போதுள்ள சேவல்களை நவம்பர் இறுதிக்குள் பிரித்துவிட்டு, 21 நாள் விட்டு முட்டை சேர்க்கத் தொடங்குவோம். முட்டையில் பென்சிலால் மட்டும் கூட்டு எண், பேட்டு எண், திகதி. டிசம்பர் கடைசி வெள்ளி மாலை மூன்று வீட்டிலும் வைத்தால் ஜனவரி நடுவில் பொரியும். கொழும்பில் மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில் குஞ்சு வளரும், உமி காய்ந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் விடலைகள் முழு இறகோடு நிற்கும்.

குஞ்சுக்கு அடையாளம் விரல் சவ்வில் துளை. இரண்டு காலிலும் இரண்டிரண்டு சவ்வு, துளை இருக்கும் இல்லாமல் இருக்கும் என்று 16 விதம். 6 சேவல் குடும்பத்துக்குத் தாராளம். வெட்டிய துண்டு முழுதாக விழுந்ததா என்று பாருங்கள், தொங்கினால் ஒட்டி மூடிவிடும். ஒரு வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும்.

துளையிடும் கருவி இரண்டு வேண்டும், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மற்றது யாரிடமாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.